பீப்பாயில் விழுந்தது விழுந்ததுதான்

லோரீனுக்குக் கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா ஒரு கொடி கொடுத்தார். நீலத் துணியில் ஆரஞ்சு ஓரம் வைத்த, ஆபர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கொடி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கலூசாவுக்கு வந்து ஆறு வருஷமாகியும் அது மடிப்புக் கலையாமல் அலமாரிக்குள்ளேயே கிடந்தது.

அவள் பிறந்த ஒபலைக்காவில் ‘நீ எந்தப் பக்கம்’ என்று யாரும் கேட்பதில்லை. மீனைப் பார்த்து உனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்பார்களா? ஆபர்ன் மைதானம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை ஆட்டம் நடந்தால் அதன் இரைச்சல் அவர்கள் வீட்டுக் கொல்லை வரை வரும். டஸ்கலூசாவிலும் அதே காரணத்துக்காக யாரும் கேட்பதில்லை. ஆனால் இங்கே எல்லோரும் அலபாமா பல்கலைக்கழகத்தின் சிவப்புப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பர்மிங்ஹாமில்தான் பாடு. அங்கே புருஷன் ஒரு சோபாவிலும் பெண்டாட்டி ஒரு சோபாவிலும் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள்; இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது.

லோரீன் சிவப்பு ஊரில் சிவப்புக் குடும்பத்துக்குள் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் டாய்ல் சாது. கொழுந்தன் கர்ட்டிஸ் டயர் கடை வைத்திருந்தான், வாய் ஓயாது. மாமியார் நெல் ஹாகுட் உள்ளூர் சர்ச் சபையின் சமையற்கூடத்தை முப்பது வருஷமாக ஆண்டுகொண்டிருந்தாள். ஊரே அவளை மிஸ் நெல் என்றது. லோரீனும் அப்படியேதான் கூப்பிட்டாள். இந்தக் கோடையில் மிஸ் நெல்லின் பக்கத்து வீடு காலியானதும் டாய்ல் அதை வாங்கிவிட்டான். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு வெள்ளை வீடுகள், நடுவில் ஒரு புல்தரை.

சபையில் ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டு பீப்பாய்கள் வைப்பார்கள், அலபாமாவுக்குச் சிவப்பு, ஆபர்னுக்கு ஆரஞ்சு. நவம்பரின் நாலாவது வியாழக்கிழமை வருகிற நன்றித் திருநாளான தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வழியில்லாத வீடுகளுக்குக் கொடுக்க, அவற்றில் டின் உணவு சேரும். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின ஞாயிறு பாஸ்டர் விட்லாக் எடை போடுவார். தோற்ற பக்கத்தின் தலைவர், ஜெயித்த பக்கத்தின் கொடியைத் தன் வீட்டு வாசலில் கட்டி, அந்தச் சனிக்கிழமை இரண்டு அணிகளும் மோதும் ஆட்டம் முடிகிறவரை பறக்கவிட வேண்டும். சிவப்புக்குத் தலைவி மிஸ் நெல். ஆரஞ்சுக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் எமெட் இருந்தார். லோரீன் வந்து சேர்ந்த வாரமே அவர் பதவியை அவள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். ஆரஞ்சுப் பக்கத்தில் இருந்ததே மூன்று குடும்பங்கள்தான்.

அந்த முதல் வருஷம் லோரீன் விளக்கெரியாத நடையில் தடுமாறி, தான் கொண்டுவந்த ஒரு பெட்டி சூப் டின்களைச் சிவப்புப் பீப்பாயில் கொட்டிவிட்டாள். தவறு தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“பீப்பாய்ல விழுந்தது விழுந்ததுதான் கண்ணு,” என்றாள் மிஸ் நெல், தேனொழுக.

அந்த வருஷமும் அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் லோரீனின் வாசலில் சிவப்புக் கொடிதான் பறந்தது. அவளும் சிரித்துக்கொண்டே கட்டினாள். அப்பா ராய்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. இலையுதிர் காலத்தில் அந்த ஊர்ப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டேன் என்றார். அம்மா உயிரோடு இருந்தவரை அது ஒரு வேடிக்கைப் பேச்சு. தேங்க்ஸ்கிவிங்குக்கு லோரீனும் டாய்லும் ஒபலைக்கா போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஏப்ரலில் அம்மா போய்ச் சேர்ந்தாள். இந்த முறை அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார அப்பாவுக்கும் மனமில்லை, லோரீனுக்கும் மனமில்லை. இங்கே வாருங்கள் என்று அவள் தொலைபேசியில் கெஞ்சினாள்.

“வர்றேன்,” என்றார் அவர். “நம்ம கொடி எந்த வாசல்ல பறக்குதோ அங்க வண்டிய நிறுத்திச் சாப்பிடுவேன். செகப்பா இருந்துச்சுன்னா நிறுத்தாம நேரா மிசிசிப்பிக்குப் போயிருவேன், ஆமா.”

அவர் சொன்னால் செய்வார். அடுத்த மாநிலமான மிசிசிப்பி வரை போகமாட்டார், ஆனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஒபலைக்கா போய்த் தனியாக ஒரு முட்டையைப் பொரித்துத் தின்பார். அந்த முட்டையை நினைத்து லோரீனுக்குத் தூக்கம் போயிற்று. ஜெயித்தாக வேண்டும். மூன்று குடும்பங்களை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது?

பீப்பாய்கள் வைத்த முதல் ஞாயிறன்று கர்ட்டிஸ் ஒரு கேரட் டின்னைத் தூக்கிப் பிடித்தபடி நடையில் நின்றான். சிவப்புப் பீப்பாயில் போடப்போனவன் நின்று, டின்னைத் திருப்பிப் பார்த்து, முகத்தைச் சுளித்தான்.

“ஐயய்யோ, இது உங்க சாதி ஆச்சே லோரீன். இத எங்க பீப்பாய்ல போட்டா தீட்டுப் பட்டுரும்,” என்று ஆரஞ்சுப் பீப்பாயில் போட்டான். டின் அடியில் போய் டங்கென்று விழுந்தது. நடை முழுக்கச் சிரிப்பு.

சிரிப்புக்கு அடுத்தபடி அந்த ஊரில் வேகமாகப் பரவுவது ஜலதோஷம்தான். புதன்கிழமை சபைச் சாப்பாட்டுக்குள், ஆரஞ்சு நிறத்தில் எது இருந்தாலும் ஆரஞ்சுப் பீப்பாய்க்குத்தான் என்பது சட்டமாகிவிட்டது. குழந்தைகள் பரங்கிக்காய் டின்னை மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டார்கள். சபைப் பெரியவர்களான டீக்கன்மார்கள் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு டின்னை இரண்டு விரலால் செத்த எலியைப் போலத் தூக்கி வந்தார்கள். சிவப்புப் பக்கத்துக்குத் தக்காளியும் சிவப்பு பீன்ஸும் கிரான்பெர்ரியும் போதும், கௌரவமான சாப்பாடு என்று கர்ட்டிஸ் பிரசங்கம் செய்தான்.

லோரீனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அந்தக் கேலி டின்களையெல்லாம் வெளியே எடுத்து மிஸ் நெல்லின் சமையற்கூட மேடையில் அடுக்கிவிடுவது என்று முடிவு செய்து நடைக்குப் போனாள். பீப்பாயை வெளிச்சத்துக்கு நகர்த்தலாம் என்று விளிம்பைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். அப்போதும் நகரவில்லை.

அவள் அப்படியே நின்றாள். பிறகு சிவப்புப் பீப்பாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது சொன்னபடி கேட்டுக்கொண்டு பின்னால் வந்தது.

எமெட்டைக் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டினாள். அவரும் இழுத்துப் பார்த்தார். தபால் மூட்டை சுமந்த தோள் அவருடையது. பீப்பாயை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

“தேங்க்ஸ்கிவிங்குக்கு ஜனங்க எத வாங்குவாங்க?” என்று தனக்குத்தானே கேட்பவர் போலக் கேட்டார். “கெழங்கு. பரங்கி. பீச் பழம். எல்லாம் நம்ம கலரு. கெழங்கு டின்னு கல்லு கனம் வேற.”

“அவங்களுக்கு இன்னும் தெரியல.”

“தெரிய வேணாம்,” என்றார் எமெட். நிரம்பிய பீப்பாயை மாடிப்படிக்கு அடியில் உருட்டிவிட்டு அந்த இடத்தில் காலிப் பீப்பாய் வைப்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வழக்கம்தான். எமெட் வழக்கத்தை விடாமல் காப்பாற்றினார். ஆகவே யார் வந்து எட்டிப்பார்த்தாலும் ஆரஞ்சுப் பீப்பாய் பாதி காலியாக, பரிதாபமாக, இன்னும் ஒரு கேலிக்கு இடம் வைத்துக்கொண்டு நின்றது.

லோரீனுக்கு ஒரே ஒரு பயம். கேலி அலுத்துவிடும். எந்தக் கேலியும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, கேலிக்கு ஆளானவர் கலங்கவில்லையென்றால். கடைசிப் புதன்கிழமைச் சாப்பாட்டில், ஜபம் முடிந்ததும், அவள் எழுந்து நின்றாள்.

“ஒரு விஷயம் சொல்லணும்,” என்றாள். “தயவுசெஞ்சு இனிமே யாரும் எங்க பீப்பாய்ல ஆரஞ்சுக் கலர் டின் போடாதீங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

உட்கார்ந்துகொண்டாள். சொன்னது பொய்யா என்று இரவெல்லாம் யோசித்தாள். பொய்யில்லை என்றுதான் பட்டது. முதல் வாரம் மனசு கஷ்டப்பட்டது உண்மை. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டஸ்கலூசாக் கடைகளில் பரங்கிக்காய் டின் தட்டுப்பாடு. கர்ட்டிஸ் தன் டிரக்கின் பின்தட்டில் கிழங்கு டின்களை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ஏற்றி வந்தான். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்கள், பாட்டுப் பாடாத குறை. சிவப்புப் பீப்பாயைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆறு வருஷமாக நிரம்பிய பீப்பாய், அதை வேறு யாராவது நிரப்பிக்கொண்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் விட்லாக் தீவனக் கடையிலிருந்து இரவல் வாங்கிய தராசை நடையில் வைத்தார். பக்கத்து மாநிலமான டென்னசிக்காரர் அவர், இரண்டு பக்கத்தின் மீதும் சமமான அவநம்பிக்கை கொண்டவர். சிவப்புப் பீப்பாய் முதலில் ஏறியது. போன வருஷத்தில் பாதிகூட இல்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் எதிரே நின்றது பாதி காலி ஆரஞ்சுப் பீப்பாய்தானே என்று கர்ட்டிஸ் தோளைக் குலுக்கினான்.

அப்போது எமெட் மாடிப்படிக்கு அடியிலிருந்து முதல் பீப்பாயை உருட்டி வந்தார். பிறகு இரண்டாவதை. மூன்றாவதை உருட்ட டாய்ல் போய்க் கைகொடுத்தான். பெண்டாட்டியைப் பார்க்கிறான், அம்மாவைப் பார்க்கிறான், சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு. தராசின் முள் சிவப்பின் எடையை இரண்டாவது பீப்பாயிலேயே தாண்டிப் போயிருந்தது. அடுத்து கர்ட்டிஸ் ஏற்றி வந்த அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறின. முள் முன்னே முன்னே போய், கடைசியில் எண் தட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

“அது நாங்க வாங்குனது,” என்றான் கர்ட்டிஸ். அவன் குரல் முதல்முறையாக இறங்கியிருந்தது. “எங்க டின்னு அது. கேலிக்குப் போட்டது. கேலிய எல்லாம் கணக்குல எடுக்கக் கூடாது பாஸ்டர்.”

பாஸ்டர் லோரீனைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் சொல்லியிருந்தார். அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

மிஸ் நெல் சிவப்பு ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். சபைக்கு முன்னால் ஏப்பம் விட நேர்ந்தவளைப் போல இருந்தது அவள் முகம்.

“பீப்பாய்ல விழுந்தது விழுந்ததுதான்,” என்றாள்.

ஆரஞ்சுப் பக்கத்தில் மூன்று குடும்பங்கள்தான் இருந்தன. அந்த மூன்று குடும்பங்களும் போட்ட கூச்சலில் மேலே மணிக்கூண்டில் இருந்த புறாக்கள் பறந்துபோயின. எமெட் காலிப் பீப்பாயைக் கவிழ்த்துப்போட்டு முரசு கொட்டினார்.

வெளியே வரும்போது மிஸ் நெல் மருமகளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அழுதே ஜெயிச்சுட்ட.”

“ஆமா மிஸ் நெல்.”

“அடுத்த வருஷம் நான் அழப்போறேன். பாத்துக்க.”

அன்று மாலை லோரீன் அலமாரியைத் திறந்து கொடியை எடுத்தாள். மடிப்புக் கோடுகள் போக இஸ்திரி போட்டாள். வாசலுக்கு எடுத்துப் போனபோதுதான் உறைத்தது. ஜெயித்த பக்கத்தின் கொடி தோற்றவர் வாசலில் அல்லவா பறக்க வேண்டும்? ஊரில் இருந்ததே அந்த ஒரு கொடி. டஸ்கலூசாவில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் இன்னொரு ஆபர்ன் கொடி கிடைக்காது. கேட்டால் கடையை விட்டே துரத்துவார்கள். புல்தரையைத் தாண்டிப் போய் அதை மாமியாரிடம் கொடுத்தாள். மிஸ் நெல் ஏணியில் ஏறித் தன் கையாலேயே கட்டினாள். தெருவில் போன வண்டிகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின.

அப்பாவுக்குத் தொலைபேசி செய்து ஜெயித்துவிட்டோம் என்றாள். அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தத்தில் காது அடைத்தது. எந்த வீடு என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது, கொடியைப் பார்த்து நிறுத்திக்கொள்ள எனக்குத் தெரியாதா என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை பகலில் லோரீன் அடுப்பில் வான்கோழியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக ஒபலைக்கா எண் போட்ட பழைய டிரக் தெருவுக்குள் திரும்புவது தெரிந்தது. அப்பா வழியெல்லாம் கொடிகளைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். முதலில் ஆரஞ்சு, பர்மிங்ஹாமில் இரண்டும் கலந்து, பிறகு சிவப்பு, சிவப்பு, சிவப்பு. டிரக் அவள் வாசலைப் பார்த்தது, நிற்கவில்லை. நேரே பக்கத்து வீட்டு முன்னால் போய் நின்றது. அவர் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, கையில் அம்மாவின் பாத்திரம், அதில் பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட ‘பை’ என்கிற இனிப்பு. மார்பை நிமிர்த்திக்கொண்டு படியேறிக் கதவைத் தட்டினார். கைத்துணியோடு லோரீன் வெளியே ஓடிவரும்போது கதவு திறந்துவிட்டது.

“வார் ஈகிள்!” என்று ஆபர்ன் கோஷத்தைப் போட்டார் அப்பா, தெருவே கேட்க.

“ரோல் டைட்,” என்று அலபாமா கோஷத்தைத் திருப்பிச் சொன்னாள் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட மிஸ் நெல், தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா தலையை உயர்த்திக் கொடியைப் பார்த்தார். தலையைத் தாழ்த்தி ஸ்வெட்டரைப் பார்த்தார். பிறகு புல்தரையில் மூச்சிரைக்க நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவள் பார்க்காத சிரிப்பு ஒன்று அவர் முகத்தில் காது வரை விரிந்தது.

“இவங்க வாசல்லயா பறக்க விட்ட?”

“ஆமாப்பா.”

“நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன்,” என்று மிஸ் நெல்லிடம் தொப்பியைக் கழற்றினார். “கொடி இருக்கிற வீட்லதான் சாப்பிடுவேன்னு சொல்லிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

மிஸ் நெல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பை பாத்திரத்தையும் பார்த்தாள்.

“அது பெக்கானா?”

“பெக்கான்தான்.”

“அப்ப உள்ள வாங்க,” என்று கதவை அகலத் திறந்தாள். “லோரீன், அந்தக் கோழிய இங்க தூக்கிட்டு வா.”

டாய்லும் கர்ட்டிஸும் மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புல்தரை வழியாகச் சுமந்து போனார்கள். பின்னால் லோரீன், இரண்டு கையிலும் வான்கோழித் தட்டு. அதன் மேல் ஆவி பறந்தது. அண்டை வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. படியேறும்போது காற்று அடித்தது, நீலத் துணி ஒரு முறை விரிந்து அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போயிற்று.