முப்பது பேரின் சராசரி

முப்பது பெண்களின் துக்கம் கூடிவிட்டது என்று ஒரு மனிதர் பாதுஷா வாங்கி வந்து கொடுப்பாரா? தீனதயாளன் சார் கொடுத்தார். விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் உளவியல் துறையில் உட்கார்ந்துகொண்டு, எண்ணெய்ப் பிசுக்கு விரலால் கணினித் திரையில் துக்க மதிப்பெண்களின் சராசரியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"பாரும்மா வெனிலா. கவுன்சலிங் குரூப்பு இருவதுல இருந்து பதினஞ்சுக்கு எறங்கிடுச்சு. கன்ட்ரோல் குரூப்பு பத்தொம்பதுல இருந்து இருவத்தி நாலுக்கு ஏறிடுச்சு. இன்னா டிஃபரன்ஸ்! எந்த ஜர்னல்காரனும் வேணாம்னு சொல்ல மாட்டான்."

வெனிலா தன் பங்கு பாதுஷாவைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். அவர் கவனிக்கவில்லை. தன் பெயர் இல்லாத எதையும் அவர் கவனித்ததில்லை.

திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலேறி வந்து அவரிடம் பிஎச்.டி. பண்ணுகிற பெண் அவள். இது நான்காவது வருஷம். மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் கடலுக்கு ஆளைப் பறிகொடுத்த அறுபது பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முப்பது பேருக்கு எட்டு வாரம் மனநல ஆலோசனை. மீதி முப்பது பேருக்கு ஒன்றும் கிடையாது. ஆலோசனையால்தான் துக்கம் குறைந்தது என்று நிரூபிக்க, சும்மா ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். எட்டு வாரம் முடிந்ததும் அவர்களுக்கும் அதே ஆலோசனை உண்டு என்று ஒப்புதல் படிவத்தில் அச்சடித்து, வீடு வீடாகப் போய் வெனிலாவே வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வந்தாள். எட்டு வாரம் முடிந்து நாலு மாசம் ஆகிறது.

தன் பெயரும் சேர்ந்திருந்த கட்டுரையின் அச்சுப்படியைப் புரட்டியவள் பதினோராம் பக்கத்தில் நின்றாள்.

"சார், 'ஆய்வு முடிந்தபின் கட்டுப்பாட்டுக் குழுவினர் அனைவருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டது'ன்னு போட்டிருக்கீங்க. நாம குடுக்கவே இல்லியே?"

"குடுப்போம்மா. அடுத்த ஃபண்டு வரட்டும்."

"வரலன்னா சார்?"

"வரலன்னா இன்னா? அந்தப் பொம்பளைங்க ஜர்னல் படிச்சிக்கினா இருக்காங்க? எத்திக்ஸ் கமிட்டி கேக்குது, ஒரு வரி போட்டாச்சு. இந்தப் பேப்பர் வந்தாத்தான் உன் தீசிஸ் உள்ள போவும். பேஜாரு பண்ணாம திங்கக்கெழமைக்குள்ள கையெழுத்து போட்டுக் குடு."

நாக்கூசாமல் சொல்லிவிட்டு இன்னொரு பாதுஷாவை எடுத்தார். சீ, என்ன ஜென்மமோ!

சனிக்கிழமை காலை வெனிலா மரக்காணம் பஸ் ஏறினாள். அச்சுப்படி பையில் இருந்தது. கட்டுப்பாட்டுக் குழுவிலேயே மிக அதிகமாக ஏறியிருந்தது காசியம்மாளின் எண்தான். வாரம் தவறாமல் போன் பண்ணி, "பாப்பா, எங்க மொறை எப்போ?" என்று கேட்கிறவளும் அவள்தான். 'சீக்கிரம் வரும்மா' என்று மட்டும் சொல்லி வெனிலா போனை வைத்துவிடுவாள். அந்த மனுஷியின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும், கையெழுத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்பது வெனிலாவின் எண்ணம்.

காசியம்மாளின் மகன் அரிபிரசாத்தும், அவளுடைய ஓரகத்தி அம்பிகாவின் புருஷன் சுப்புராயனும் ஒரே ஃபைபர் போட்டில் போனவர்கள். சித்தப்பன் உடல் கரை ஒதுங்கியது. பையன் உடல் ஒதுங்கவில்லை.

வீட்டுக்குள் காசியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாதியாய் இளைத்திருந்தாள். மீன் கூடை ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

"வா பாப்பா. எங்க மொறை வந்துட்சா?"

"இல்லம்மா." வெனிலா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "வராதும்மா. குடுக்கறதா சொல்லிட்டு ஏமாத்திட்டோம். அத நேர்ல சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். காசியம்மாள் திட்டவில்லை.

"சரி வுடு. உங்க ஆராய்ச்சியாவது முடிஞ்சிதா?"

"முடிஞ்சிடுச்சிம்மா. நாலு மாசம் ஆச்சு."

"நாலு மாசமா?" காசியம்மாள் நிமிர்ந்தாள். "ஏம்மா வந்து சொல்லல? நான் இன்னும் வாயக் கட்டிக்கினு இல்ல கீறேன்?"

"எதுக்கும்மா?"

"நீதான படிச்சிக் காட்டன? செத்தவங்களப் பத்தி அந்த குரூப்பு ஆளுங்ககிட்ட பேசக் கூடாது, பேசனா ஆராய்ச்சி கெட்டுப் பூடும்னு? அம்பிகா அந்த குரூப்பு. கருவாடு காய வெச்சிக்கினு நாங்க ரெண்டு பேரும் பொழுது சாயற வரிக்கும் அவங்களப் பத்தித்தான் பேசுவோம், அழுவோம். சீட்டு போட்டதுல இருந்து வுட்டுட்டோம். ஆரம்பத்துல வந்து கதவத் தட்டுவா. நான் தாப்பா போட்டுக்கினு வாயில துணிய வெச்சிக்குவேன். கைநாட்டு வெச்சிட்டு மீற முடியுமா? எங்க தெருவுல பதினோரு பேரு இப்படித்தான் கீறோம்."

வெனிலாவுக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. படிவத்தின் இரண்டாம் பக்கம், நான்காவது விதி. ஆலோசனையில் சொல்வது மற்ற குழுவுக்குக் கசிந்தால் ஒப்பீடு கெட்டுவிடும் என்று சார் எழுதச் சொன்னது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அறுபது வீட்டிலும் மடமடவென்று வாசித்துத் தள்ளினாள். யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. காகிதத்தில் இருக்கிற விதியை யார் இப்படி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப் போகிறார்கள் என்ற அலட்சியம். ஆய்வு முடிந்ததும் ஒரு நடை வந்து, இனி விதி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

பத்தொன்பது ஏன் இருபத்து நான்கு ஆனது என்று இப்போது விளங்கியது. அந்தப் பெண்களுக்கு ஆறுதல் இருந்தது, இவர்கள் போய் அதையும் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியதால் ஏறிய எண்ணைக் காட்டி, பார் எங்கள் ஆலோசனையின் மகிமை என்று கட்டுரை. தூ! அந்த ஆள் கொடுத்த பாதுஷாவைக் குப்பையில் போட்டதெல்லாம் பெரிய யோக்கியம்தான். வாசித்த வாய் யாருடையது? வெனிலாவுக்குத் தன் நாக்கையே அறுத்துப் போடலாம் போலிருந்தது.

பையிலிருந்து அச்சுப்படியை எடுத்தாள். பதினோராம் பக்கத்து வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினாள்: 'கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஆலோசனை வழங்கப்படவில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசி ஆறுவதையும் நாங்கள் தடுத்துவிட்டோம். இந்த வித்தியாசம் அதனால் வந்ததாக இருக்கலாம்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். போன் கேமராவில் படமெடுத்துச் சாருக்கு அனுப்பினாள். நாலு வருஷம் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். போகட்டும்.

பிறகு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய், விஷயத்தைச் சொல்லி அம்பிகாவைக் கையோடு கூட்டி வந்தாள். அம்பிகா வாசலைத் தாண்டவில்லை.

"அக்கா," என்றாள்.

காசியம்மாளின் உதடு துடித்தது. கண் நிறைந்து வழிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. அவள் அம்பிகாவைப் பார்க்காமல் வெனிலாவைப் பார்த்தாள்.

"பேசலாமா பாப்பா?"