வெறுந்தரை அடி

1.

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. வவுனியாவிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து எடுத்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். பிறகு கேட்டேன். அவள் தந்த பதில் இந்தக் கதையின் ஐந்தாம் பகுதியில் வரும். அது அவ்வளவு மரியாதையான பதில் அல்ல.

அவள் தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எங்கட குளக்கட்டில நிண்டுதான் அடிப்பன். ஏலுமெண்டால் தாங்கிப் பார். கடலுக்கு நான் வரமாட்டன். நீ ஆர் எனக்கு இடம் சொல்ல?"

நான் கண்டாவளையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அறநெறி படிப்பிக்கிறவள். இப்படியான பேச்சைக் கேட்டுவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. கைப்பையில் கோயிலில் தந்த கற்கண்டு இருந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவள் தோளில் தட்டினேன்.

"பிள்ளை, கோவத்தில ஒரு முடிவும் எடுக்காதை. ஆரை அடிக்கப் போறாய்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கற்கண்டைப் பார்த்தாள்.

"ஒரு பூதத்தை, அன்ரி."

"பூதத்தையோ?"

"ஓம். நெருப்புப் பூதம். வவுனியாவில ஒருத்தன் வளக்கிறான்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கற்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, எல்லாவற்றையும் விளக்கினாள். இறங்கும்போது நான் ஒரு கதையோடு இறங்கினேன்.

2.

முதல் வரியை மூன்று தரம் எழுதினேன்.

*வன்னியின் வறண்ட காற்றில் ஆறாத வடுக்கள் இன்னும்*

(நிறுத்திவிட்டேன். அன்றைக்குக் காற்றே இல்லை. பஸ்ஸில் எல்லோரும் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.)

*சிறு வயதிலேயே தகப்பனை இழந்த கஜேந்தினி*

(இழக்கவில்லை. தகப்பன் இருக்கிறார். சிறுபோக வயல் செய்கிறார். பின்னர் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது எனக்குத் தோடம்பழம் வெட்டித் தந்தவர் அவர்தான். ஒருவரை ஒரு வசனத்துக்காகக் கொல்வது பாவம்.)

*கஜேந்தினி முன்பள்ளி ஆசிரியை. வயது இருபத்து நான்கு. பின்னேரங்களில் பூதங்களோடு சண்டை பிடிப்பாள்.*

இதை வைத்துக்கொள்கிறேன். இது உண்மை.

3.

விளையாட்டைச் சொல்ல வேண்டும். எனக்கு விளங்கிய அளவுக்குச் சொல்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு அது போதும்.

கைத்தொலைபேசியில் ஆளுக்கொரு விசித்திரப் பிராணியை வளர்க்கிறார்கள். முறை வைத்து மாறி மாறி அடிக்கிறார்கள். கஜேந்தினியின் பிராணி உடும்பு போன்ற ஒன்று. மெதுவாக நடக்கும். அவள் அதற்கு வைத்த பெயர் சோம்பன். சோம்பனுக்கு ஒரேயொரு பெரிய அடி உண்டு. அதை அவள் 'மண்வாக்கு' என்கிறாள். அந்த அடிக்குச் சொந்தக் குணம் கிடையாது. ஆட்டக்காரி எந்த நிலத்தில் நிற்கிறாளோ, அந்த நிலத்தின் குணத்தை அது எடுத்துக்கொள்ளும். கடற்கரையில் நின்றால் அலையாக எழும்பும். காட்டில் நின்றால் வேராகச் சுற்றும். மலையில் கல்லாக விழும்.

நிலம் எது என்பதை விளையாட்டு தன் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யும். வரைபடத்தில் ஒன்றும் குறிக்கப்படாத இடம் வெறுந்தரை. அங்கே மண்வாக்கு ஒரு தூசித் தட்டு. உள்ளதிலேயே மெல்லிய அடி.

கஜேந்தினியின் ஊர்க் குளம் அந்த வரைபடத்தில் இல்லை.

"முத்தையன்கட்டுக் குளம் இருக்குது, அன்ரி. கடல் இருக்குது. ரோட்டுப் பாலம்கூட இருக்குது. எங்கட குளம் இல்லை. வெள்ளையாக் கிடக்குது. நாங்கள் என்ன, வெள்ளைத்தாளிலயோ வயல் செய்யிறம்?"

அவள் வட மாகாணப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தாள். எதிராளி றஸ்மி, வவுனியாவில் தகப்பனின் டயர்க் கடையில் நிற்பவன், அவனுடையது நெருப்புப் பூதம். பஸ்ஸில் அவள் சத்தம் போட்டது அவனோடுதான்; கடலில் நின்றாலாவது ஆட்டம் ஆட்டமாக இருக்கும் என்று சீண்டினானாம். புள்ளிகளில் முந்தியவள் என்பதால், இறுதி ஆட்டத்தின் நிலத்தைத் தெரிவு செய்யும் உரிமை அவளுக்கு. முல்லைத்தீவுக் கடற்கரையில் போய் நின்றால் அலை நெருப்பை அணைத்துவிடும். வெற்றி அநேகமாக நிச்சயம்.

ஆனால் பரிசு இது: வென்றவர், இறுதி ஆட்டம் நடந்த இடத்தை வரைபடத்தில் குறித்துப் பெயர் வைக்கலாம். அந்த இடத்தை மட்டும்தான்.

கடலுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அதனால் அவள் குளக்கட்டைத் தெரிவு செய்தாள். பெயரில்லாத இடத்துக்குப் பெயர் வாங்க வேண்டுமென்றால், பெயரில்லாத இடத்தில் நின்று, பெயரில்லாத அடியால்தான் வெல்ல வேண்டும்.

(இந்த வசனம் கொஞ்சம் அழகாகிவிட்டது. அவள் இப்படிப் பேசவில்லை. அவள் சொன்னது: "கடலில வெண்டு எனக்கென்ன, கடலுக்குப் பேரில்லையோ?")

4.

(இந்தப் பகுதியில் யுத்தம் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

எடுத்த காரணத்தைச் சொல்கிறேன். பாதிக் கதையை ஓர் இதழாசிரியருக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல மனிதர். தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அக்கா, வன்னிக் கதையெண்டால் வாசகர் ஒண்டை எதிர்பார்ப்பினம்."

"என்னத்தை?"

"உங்களுக்குத் தெரியும்தானே. அந்தக் குளத்தில ஏதும்… அந்த நேரத்தில…"

"குளத்தில தண்ணி இருக்குது, தம்பி. விலாங்கும் இருக்குதாம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. கோபம் எனக்கு ஆகாது. திருநீறு பூசிக்கொண்டு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தேன். அப்போதுதான் விளங்கியது: என் கதையும் ஒரு மண்வாக்குத்தான். இந்த நிலத்தில் நின்று எவர் எதை எழுதினாலும் அது ஒப்பாரியாக மாற வேண்டும் என்று எங்கோ ஒரு வரைபடம் முடிவு செய்து வைத்திருக்கிறது. கலியாணத்தைப் பற்றி எழுதினால் அழுகை. மழையைப் பற்றி எழுதினால் அழுகை.

நடந்தவற்றை நான் மறைக்கவில்லை. அவற்றுக்கு வேறு கதைகள் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன், அழுதழுது எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு பெண் உடும்பை வைத்துப் பூதத்தை அடிக்கும் பின்னேரமும் இந்த மண்ணில்தான் நடந்தது. அந்தப் பின்னேரத்தைப் பறித்து வேறொன்றுக்குக் கொடுக்க மாட்டேன். இந்தக் கதையில் ஒருவரும் சாகமாட்டார்கள். உடும்புகூட மயங்கும், அவ்வளவுதான்.

5.

எழுதியதை அவளிடம் கொண்டுபோய், இப்படி எழுதலாமோ என்று கேட்டேன். தகப்பன் தோடம்பழம் வெட்டினார். அவள் கதிரையில் காலை மடக்கி இருந்து வாசித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"அன்ரி, இதென்ன தாமரைக்குளம்?"

(ஆம். அப்போது கதையில் குளத்தின் பெயர் தாமரைக்குளம் என்று இருந்தது.)

"பெயரை மாத்தியிருக்கிறன், பிள்ளை. எழுதேக்கை அப்பிடித்தான் செய்யிறது. உங்களுக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாதெல்லோ."

"என்ன கரைச்சல்? குளம் வந்து வழக்குப் போடுமோ?"

"அதில்லை. உண்மைப் பேர் கொஞ்சம்… வாசிக்கிற ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். நாங்களும் சிரிக்கிறனாங்கள்தான்." அவள் தாள்களை என் மடியில் வைத்தாள். "பேர் வைக்கத்தான் இவ்வளவும் மல்லுக்கட்டுறன். நீங்கள் இருந்த இடத்தில இருந்து பேரை அழிச்சுப்போட்டீங்கள். அந்த வரைபடக்காரன் பரவாயில்லை, அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

தகப்பன் குசினி வாசலில் நின்று, "அன்ரியோட மரியாதையாக் கதை," என்றார்.

"மரியாதையாத்தான் கதைக்கிறன். தோடம்பழத்தை நல்ல துண்டாக் குடுங்கோ."

நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். தோடம்பழத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான் என்று எழுதிக்கொள்கிறேன்.

6.

இனி ஆட்டம். ஞாயிறு பின்னேரம், அறநெறி வகுப்பை நேரத்தோடு முடித்துவிட்டு வந்தேன். குளக்கட்டில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் வரும். அங்கே ஒரு பிள்ளையார் கல்லும் மருதமரமும் உண்டு. அவள் மரத்தடியில் இருந்தாள். விளையாட்டு அவள் போனில். றஸ்மியின் குரல் என் போனில், ஸ்பீக்கரில். ஒவ்வொருவருக்கும் ஆட்டம் முழுவதற்குமாக ஒரு நேரம் உண்டு. தன் முறை வரும்போது யோசிக்கும் நேரம் தன் கணக்கில் குறையும். தீர்ந்தால் தோல்வி.

"ரீச்சர், உங்கட பல்லி சாப்பிட்டிட்டுதோ? கடைசிச் சாப்பாடு," என்றான் றஸ்மி.

"உடும்பு. உன்ர பூதத்துக்குக் காத்துப் போகேல்லையோ? டயர்க் கடையில அடிச்சுக் கொண்டு வா."

"வெறுந்தரையில நிண்டு என்னத்தை அடிக்கப் போறீங்க? தூசியா? எங்கட கடையில அதை நாங்க விடியத் தும்புத்தடியால கூட்டுற."

நெருப்பு விழுந்தது. சோம்பன் தூசித் தட்டால் தட்டியது. மீண்டும் நெருப்பு. மீண்டும் தட்டு. நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

"இது தோல்விதானே, பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பொறுங்கோ. அலைக்கும் வேருக்கும் கல்லுக்கும் எல்லாரும் கவசம் போட்டு வருவினம். வெறுந்தரைக்குக் கவசமே இல்லை, அன்ரி. ஒருத்தரும் அங்க நிண்டு அடிக்கிறேல்லை எண்டு செய்யாமலே விட்டிட்டாங்கள். சின்ன அடிதான். ஆனால் முழுசா விழும்."

அது உண்மைதான். பூதத்தின் உயிர்க்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. றஸ்மியின் பகிடியும் குறைந்தது.

அப்போது அக்கரையில் பற்றை அசைந்தது. யானை.

தனி யானை. தண்ணீருக்கு வந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் குளம் முழுவதும் இருந்தது. ஆனாலும் நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். "பிள்ளை, வா, போவம்," என்றேன். சத்தம் போன் வழியாகப் போய்விட்டது.

"என்ன சத்தம்? ரீச்சர்?"

"யானை, தம்பி. அக்கரையில," என்றேன் நான்.

அவன் குரல் மாறியிருந்தது. "இப்ப என்ர முறை. நான் அடிக்கமாட்டன். என்ர நேரம்தான் ஓடும். நீங்க பாதுகாப்பான இடத்துக்குப் போங்க. போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்க வேணாம்."

"உன்ர நேரம் முடிஞ்சால் நீ தோத்திடுவாய்," என்றாள் கஜேந்தினி.

"எனக்குக் கணக்குத் தெரியும். வாப்பாட கடையில நான்தான் கல்லாவில. போங்க!"

நாங்கள் துருசுக்கு இப்பால் இறங்கி, கட்டு மறைக்கிற இடத்தில் குந்தினோம். அவன் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. யானை குடித்தது. முதுகில் தண்ணீர் விசிறியது. அவசரப்படவில்லை. அவள் கட்டுக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. அதற்கு மேலே வேறொன்றும் இருந்தது.

"பாத்தீங்களோ, அன்ரி? வரைபடத்தில இல்லாத குளத்துக்கு யானைக்கு ஆர் வழி சொன்னது?"

யானை காட்டுக்குள் போனது. அவள் குளக்கட்டில் ஏறி, பழைய இடத்தில் நின்றாள்.

"றஸ்மி, யானை போயிட்டுது. அடி. இரக்கப்பட்டு மெல்லமா அடிச்சால் உன்னோட கதைக்கமாட்டன்."

"ஆர் இரக்கப்பட்டது? எரிச்சுப்போடுவன்," என்றான் அவன். உண்மையாகவே பலமாக அடித்தான்.

7.

முடிவுகள்.

முதலாவது: சோம்பனின் கடைசித் தட்டில் பூதம் விழுகிறது. அவள் குளத்துக்குப் பெயர் வைக்கிறாள். (இதழாசிரியருக்கு இது பிடிக்கும். அழுகை இல்லாவிட்டால் கைதட்டலாவது வேண்டுமாம்.)

இரண்டாவது: அவன் நேரம் தீர்ந்துபோகிறது. செய்த நல்ல காரியத்துக்காகவே தோற்கிறான். (இது நடக்கவில்லை. நடந்திருந்தால் அவள் அந்தப் பரிசைத் தொட்டிருக்கமாட்டாள்.)

மூன்றாவது: றஸ்மி வெல்கிறான். பெயர் வைக்கும் பெட்டி அவன் திரையில் திறக்கிறது. அவன் கேட்கிறான்: "ரீச்சர், அந்தக் குளத்துக்கு என்ன பேர்? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க."

மூன்றாவதை எழுதி முடித்தபோது என் மனம் நிறைந்திருந்தது. சின்னச் சின்ன நல்ல காரியங்களில்தான் உலகம் நிற்கிறது என்று நான் நம்புகிறேன், இன்றும் நம்புகிறேன். அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"வடிவா இருக்குது. ஆனால் வேண்டாம்."

"ஏன்? அவன் நல்ல பொடியன்."

"நல்ல பொடியன்தான். யானை வந்த நேரம் அவன் செய்தது போதும், அதை எழுதுங்கோ. ஆனால் எங்கட குளத்தின்ர பேரை ஆரோ மனமிரங்கித் தந்தது மாதிரி எழுதாதேங்கோ. அது முந்தியே எங்களிட்ட இருக்குது." கொஞ்சம் யோசித்தாள். "வெண்டனோ தோத்தனோ எண்டும் எழுத வேண்டாம். பேரை மட்டும் எழுதுங்கோ. சரியான பேரை."

8.

அன்று குளக்கட்டில் நின்று முடிவைக் கண்டவர்கள் நான், கஜேந்தினி, பிள்ளையார். மூவரும் சொல்லமாட்டோம். முடிவை எப்படி எழுதுவது என்று றஸ்மியிடம் கேட்டேன்; "எழுதிறது நீங்கதானே, அன்ரி," என்று போனை வைத்துவிட்டான்.

ஆகவே முடிவு உங்களிடம் இருக்கிறது. நீங்கள் எந்த நிலத்தில் நின்று வாசிக்கிறீர்களோ, அதன் குணத்தை அது எடுத்துக்கொள்ளும். பனி விழும் ஊரில் இருந்து வாசித்தால் ஒரு விதமாக விழும். கொழும்பு ரயிலில் இருந்து வாசித்தால் வேறு விதமாக. அதை என்னால் தடுக்க முடியாது. ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஒட்டுசுட்டானில் இறங்கி யாரிடமாவது கேளுங்கள். வரைபடத்தைப் பார்க்க வேண்டாம். பின்னேரமானால் யானை வரும். துருசுக்கு இப்பால் நில்லுங்கள். குளத்தின் பெயர் நரிவெருட்டிக்குளம்.

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். பிறகு ஒருதரம் சத்தமாகச் சொல்லுங்கள்.