ஓர் இரவுப் பயணத்துக்கான பெட்டி

மலேசியாவின் ஜோகூர் மாநில மக்களுக்கும், அக்கம்பக்கத்து நாடுகளுக்கும், நேரமிருந்தால் ஏனைய மனித குலத்துக்கும் தெரிவிக்கப்படும் மாபெரும் செய்தி: பாலோ வட்டார மோட்டார் சைக்கிள் உலா மன்றத்தின் பயணப்பெட்டித் தேர்வுத் துணைக்குழு, நான்கு மாத ஆய்வுக்குப் பிறகு, ஓர் இரவு தங்கிவரும் பயணங்களுக்கு அலுமினியப் பக்கப்பெட்டியே உகந்தது என ஒருமனதாக முடிவு செய்துவிட்டது.

மன்றத்தில் ஏழு பேர். அவர்களில் ஆறு பேருக்கு ஓர் இரவுக்கு வேண்டியது ஒரு சட்டை, ஒரு கைலி, இரத்தக் கொதிப்பு மாத்திரை. பசாரில், அதாவது சந்தையில் தரும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டே போய்விடலாம். ஏழாவது ஆளான லக்ஷ்மனுக்குத்தான் மெய்யாகவே பெட்டி வேண்டியிருந்தது.

லக்ஷ்மனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வயிற்றில் செருகிய குழாய் வழியாக ஒரு நாளைக்கு நான்கு முறை, இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே விட்டு, பழையதை வெளியே எடுக்க வேண்டும். மன்றத்தோடு கடலோர ஊரான மெர்சிங் போய் ஓர் இரவு தங்கி வர நான்கு பைகள், உபரியாக ஒன்று, ஆக ஐந்து. பை நசுங்கக் கூடாது, வெயிலில் காயக் கூடாது, ஓட்டை விழவே கூடாது. விழுந்தால் கிருமி நேராக வயிற்றுக்குள் போகும். டாக்டர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஓர் இரவு என்றால் போய் வாருங்கள் என்றார். இதயமும் பலவீனமாகி வருவதால், அடுத்த ஆண்டு கேட்டால் அனுமதி தர மாட்டேன் என்றும் சொன்னார். அதற்குள் ஒரே ஒரு முறை, தன் வண்டியில், மெர்சிங் கடல் வரைக்கும். லக்ஷ்மனுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

மன்றத்தில் இன்னோர் ஆளான, பட்டறை வைத்திருக்கும் செபஸ்தியன் ஒரே நாளில் வழி கண்டுபிடித்தார்.

"அண்ணே, இதப் பாருங்க. சாப்பாடு டெலிவரி பை. உள்ள பஞ்சு வச்சிருக்கான், வெயில் இறங்காது. அஞ்சும் மெத்தையில படுத்த மாதிரி வரும்."

"நல்லாத்தான் இருக்கு லா. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"வயிறு உங்களுதா, அவருதா?"

"இல்ல, கேட்டுட்டா நல்லது."

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்கக் கிடங்கில் கிளார்க்காக இருந்தவர் லக்ஷ்மன். கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணிகூட அங்கிருந்து வெளியே போனதில்லை. தலைவர் வைத்தியலிங்கம் பொதுப்பணித் துறையில் பாலங்களுக்குக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். அந்தச் சதுரப் பையை அவர் இறந்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"லக்ஷ்மன், நீங்க கவர்மெண்டு ஆளு. நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் கொண்டுபோறவன் மாதிரி மெர்சிங்குக்குள்ள நுழைவீங்களா? வழியில எவனாவது கையக் காட்டி ரெண்டு பொட்டலம் கேப்பான்."

"எனக்கு நாள் அதிகம் இல்லிங்க, தலைவரே."

"அதனாலதான் உடனே துணைக்குழு போடுறேன்."

துணைக்குழு கூடியது. மூன்று கடைகளிடம் விலைப்புள்ளி கேட்டது. மூன்றாவது கடை பதில் போடாததால், விதிப்படி மறுபடியும் மூன்று கடைகளிடம் கேட்டது. வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை, துணி வெளுக்கப் போகிறவன் மூட்டை போலிருக்கிறது என்று தள்ளப்பட்டது. பின்னால் வைக்கும் ஒற்றைப் பெட்டி, பாரம் உயரத்தில் ஏறி வண்டி ஆடும் என்று தள்ளப்பட்டது. பெட்ரோல் டாங்கியின் மேல் கட்டும் பை வைத்தியலிங்கத்தின் தொந்தியை இடித்தது. அதை மட்டும் அறிக்கையில் 'தொழில்நுட்பக் காரணம்' என்று எழுதினார்கள். அலுமினியப் பெட்டியில் அரிசி மூட்டையை வைத்து பக்கத்து ஊரான பெக்கோக் வரை ஓட்டிப் பார்த்தார்கள். அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை. லக்ஷ்மனின் தண்ணீர்ப் பையை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் லக்ஷ்மனுக்குக் கால் வீங்கத் தொடங்கிவிட்டது.

பெட்டிகள் வந்தன. புறப்படும் நாள் காலையில் வைத்தியலிங்கம் ஒரு துளைப்பானோடு வந்து, ஏழு வண்டிப் பெட்டிகளிலும் மன்றத்தின் பித்தளைச் சின்னத்தைத் தம் கையாலேயே முடுக்கினார். திருகாணிகள் உள்பக்கம் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தன. லக்ஷ்மன் பார்த்தார். தலைவர் வியர்த்துப் போயிருந்தார். சொல்ல மனம் வராமல், ஆணிமேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுப் பைகளை அடுக்கினார்.

அவர் மனைவி சுபத்திரா வாசலில் நின்றாள். "நாலு தடவையும் கைய நல்லா கழுவுங்க."

"நேத்துலேர்ந்து பத்துத் தடவ சொல்லிட்ட."

"இது பதினொண்ணு."

குளுவாங் தாண்டி, கஹாங் பெட்ரோல் நிலையத்தில் ஓய்வுக்கு நிறுத்தினார்கள். மெர்சிங்குக்குப் பாதி வழி. லக்ஷ்மனின் பெட்டியின் மூலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு நகர்ந்திருந்தது. இரண்டு பைகள் வற்றிக் கிடந்தன. மிச்சம் மூன்று. வேண்டியது நான்கு.

வைத்தியலிங்கம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தம் ஆணியையும் பார்த்தார். "ரோடு சரியில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரூம் போட்டாச்சு லக்ஷ்மன். ஏழு பேரும் திரும்பினா நல்லா இருக்காது. நீங்க போய் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

"ஆமாங்க, நீங்க போங்க."

செபஸ்தியன் மட்டும் வண்டியைத் திருப்பி அவரோடு வந்தார். இருவரும் பாலோ வந்து சேர்ந்தார்கள். இறங்கும்போது, "மூணையும் தூக்கிப் போட்டுருங்க அண்ணே, ஆணி எங்க குத்தியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

லக்ஷ்மன் தலையாட்டினார். வீட்டில் அறைக் கதவைச் சாத்தி, கையைக் கழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு, மூன்று பைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். கசியவில்லை. நல்ல சரக்கை எறிவதற்கு அவருடைய கிடங்கில் ஒருபோதும் விதி இருந்ததில்லை. ஒன்றை எடுத்து மாட்டினார்.

மூன்றாம் நாள் வயிற்றிலிருந்து வந்த நீர் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் சுபத்திரா அவருடைய செருப்பை மட்டும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

அடுத்த மாதம் மன்றம் இரங்கல் தீர்மானத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. வைத்தியலிங்கம் நின்றுகொண்டே வாசித்தார்: "நோயை வென்று, மெர்சிங் கடலின் அலையோசையைச் செவியில் நிறைத்தபடி, தமது இறுதி உலாவை நிறைவு செய்த வீரர்..."

"கடல எங்கங்க பாத்தாரு?" என்று கேட்டாள் சுபத்திரா.

வைத்தியலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒரு மரியாதைக்கு எழுதுறதும்மா."

"நீங்க பாத்தீங்களா?"

அவர் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவரோடு சேர்த்து ஐந்து பேர், லக்ஷ்மன் பாதி வழியில் திரும்பிய அன்று மெர்சிங் போய், இறால் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் திரும்பியிருந்தார்கள்.