வளையத்துக்கும் கிராப்பு

முடி வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு பக்கக் கிருதா மயிரிழை இறங்கியிருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடமாட்டார். தெருவில் அவருக்கு ‘நேர்வகிடு’ என்றே பெயர். ஆனால் வீட்டு விஷயத்தில் மனிதர் சுத்த சூனியம். எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தவள் மனைவி. அவள் இறந்துபோன பிறகு வருகிற முதல் டிசம்பர் இது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் பட்டென்று சொல்லிவிட்டாள்.

“அம்மாவும் இல்ல, வளையமும் இல்ல. அங்க வந்து யார் மூஞ்சியப் பார்க்கிறது?”

என் மூஞ்சியைப் பாரேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வளையம் இருந்தால் மகள் வருவாள், வந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் இருப்பாள் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற பச்சை வளையம் அது. வருஷா வருஷம் சாப்பாட்டு மேஜையில் இருக்கும். போகிற போக்கில் பார்த்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் சலூனில் நிற்க இடம் இருக்காது. அவர் கோயில் பக்கமே தலைகாட்டியதில்லை. இப்போது துணி மாட்டும் கம்பியைப் பிரித்து வட்டமாக வளைத்தார். பூங்கா வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த சவுக்குக் கொப்புகளை அள்ளி வந்து நூலால் கட்டினார். வழக்கமாக வைக்கிற ஊதா மெழுகுவர்த்தி கிடைக்காமல் வெள்ளையில் நான்கு வாங்கி நிறுத்தினார். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! சீப்பைக் கொடுத்துக் கத்தரியால் சுற்றிலும் ஒட்ட வெட்டிவிட்டார்.

முதல் ஞாயிறு கடை மூடி வந்து ஒன்றை ஏற்றினார். சீப்பின் அகலத்துக்குக் கரைந்ததும் அணைத்தார். அடுத்த ஞாயிறு அடுத்ததை மட்டும் ஏற்றி, முதலாவதின் உயரத்துக்கு இறங்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை இல்லை. மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் இருந்தன. அதில் எதில் உட்காருவது என்பதே அவருக்குக் குழப்பமாக இருந்தது.

வளையம் கட்டியாச்சு என்று கேள்விப்பட்டு, நான்காவது ஞாயிறு மகள் வந்தாள். அவர் சீக்கிரமே கடையை மூடி, குளித்து, சட்டை மாற்றிக் காத்திருந்தார். அவளை உட்காரவைத்து நான்காவதை ஏற்றினார்.

“என்னப்பா, ஒண்ணு மட்டும் ஏத்துறீங்க?”

“மத்த மூணும்தான் அதது வாரத்துல எரிஞ்சிடுச்சேம்மா.”

அவள் குனிந்து பார்த்தாள். மூன்றும் அச்சு அசல் ஒரே உயரம்.

“ஐயோ அப்பா! வளையத்துக்கும் கிராப்பு வெட்டிட்டீங்களா?” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ரெண்டாவது வாரம் ரெண்டு எரியணும். மூணாவது வாரம் மூணு. மொதல்ல ஏத்தினதுதான் இருக்கிறதுலயே குட்டையாயிருக்கும்.”

அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை மாதம்! ஆனால் அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“இத ஏத்துறப்ப நீங்க ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல, இல்லப்பா? நம்ம வீட்ல நாலாவது உங்களோடது. அப்பா வந்துதான் ஏத்தணும்னு அம்மா என்னைத் தொடவே விடமாட்டாங்க. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு அவங்களே ஏத்திடுவாங்க. அணைஞ்சு கெடந்தா வந்து பார்க்கிற உங்களுக்குக் கஷ்டமாயிருக்குமாம்.”

மெழுகுவர்த்தி எரிவதை மட்டும் பார்த்து, எத்தனை என்றுகூட எண்ணாமல், நம்மைத் தேடவா போகிறார்கள் என்று நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தவர் அவர்.

“கிறிஸ்துமஸ் வரைக்கும் இரும்மா,” என்றார்.

“முந்தின நாள் கடையில கூட்டம் அள்ளுமே?”

“மூடிடுறேன்.”

“அம்மாகிட்டயும் இதையேதான் சொல்வீங்க.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. காலையில் கிளம்பிப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நேர்வகிடு கடையைத் திறக்கவில்லை. கிருதாவைத் தடவிக்கொண்டு வந்தவர்கள் இழுத்துவிட்ட ஷட்டரைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். மாலையில் நான்கையும் ஏற்றிவிட்டு மேஜை முன் உட்கார்ந்தார். மகள் கூப்பிட்டாள்.

“என்னப்பா, கடையில செம கூட்டமா?”

வீட்டில்தான் இருக்கிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால், அப்பாவோடு இருந்திருக்கலாமே என்று பிள்ளை அங்கே தனியாக உட்கார்ந்து அழும்.

“ஆமாம்மா, நிக்க எடமில்ல.”

“சத்தமே கேக்கலையே?”

“உங்கூடப் பேசத்தான் வெளிய வந்து நிக்கிறேன்,” என்றார். “சரி, வெச்சிடவா? ஆளுங்க காத்திருக்காங்க.”