கூடவே போன ஒரு மணித்தியாலம்

1.

இந்தக் கதை என் பிழையில் பிறந்தது, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் அலவி நானா கொட்டாஞ்சேனையில் கிளை திறந்தார். அவருடைய பில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவள் நான்; பழைய கடைக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரேயொரு கட்டளை அடித்து, செட்டிங்ஸ் முழுவதையும் ஒரு ஃபைலாக எடுத்துப் புதுக் கடையில் ஏற்றினேன். விலை, சைஸ், விலைக்கழிவு எல்லாம் அச்சொட்டாகப் போயின. கூடவே இன்னொரு வரியும் போனதை நான் கவனிக்கவில்லை: வெள்ளி 12.15 முதல் 1.15 வரை பில் போடக்கூடாது. அது நானாவும் கடை ஆட்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் நேரம்.

2.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கொட்டாஞ்சேனைக் கடல்காற்று அன்று ஏனோ...' சீ, வேண்டாம்.)

கொட்டாஞ்சேனைக் கடையில் வேலைக்கு நிற்பது சுபாஷினி மட்டும்தான். தொழுகைக்குப் போக ஆளில்லை. ஆனாலும் வெள்ளி மதியம் பில் மெஷின் கண்ணை மூடிக்கொள்ளும். ஷட்டர் பாதி இறங்கும். ஃபேன் காற்றில் சேலைகள் மெல்ல அசையும். தெருச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

3.

முதலில் எழுதியபோது சுபாஷினியை அந்த நேரத்தில் தூங்க வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது, ஆனால் பொய். அவள் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். நோயாளரைப் பார்க்க ஒரு மணி வரைக்கும்தான் விடுவார்கள்.

"என்ர மனுசன் ரெண்டு மாசமாப் படுக்கையில, அக்கா. எனக்கு ஏழு நாளும் கடை. அவரைப் பாக்கிறது இந்த நேரம் மட்டும்தான்."

"நானாட்டச் சொன்னனீரே?"

"ஐயோ, வேற ஆளைப் போட்டிட்டார் எண்டால்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

4.

இன்று காலை நானா கூப்பிட்டார்.

"என்ன கூத்து தங்கச்சி இது! கொட்டாஞ்சேனைல வெள்ளிக்கெழம ஜும்ஆ நேரத்துல ஒரு பில்லும் இல்லியே? அந்த ஃபைலத் திரும்ப எடுத்து, சரிபண்ணி ஏத்துங்க. இண்டைக்கே."

முடிவு ஒன்று: அந்த வரியை அழிக்கிறேன். கட்டிலில் அந்த மனிதர் வாசலைப் பார்த்தபடி... (இதை முடிக்க எனக்கு மனமில்லை.)

முடிவு இரண்டு: நானாவிடம் உண்மையைச் சொல்கிறேன். நல்ல மனிதர், போக விடுவார். அல்லது வேறு ஆள் பார்ப்பார். அவர் மனதில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நான் எதை எழுதுவது?

5.

இன்று வெள்ளி. மணி 12.14. ஃபைல் திறந்திருக்கிறது, அந்த வரி இன்னும் அதில் இருக்கிறது. போன் அடிக்கிறது. சுபாஷினி.

"மெஷினை மாத்தப் போறியளாம் அக்கா. நான் இண்டைக்குப் போகட்டோ?"

நானாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கு நீங்கள் சொல்லுங்கள். லைனில்தான் நிற்கிறாள்.