சலவைக் கடையின் கடைசி ஆறு பக்கங்கள்

மாதாமாதம் ஒரு பத்திரிகைக்கு, படித்த புத்தகங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறவள் நான். பகலில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சேர்த்து வைத்த கோபத்தை அந்த இரண்டு பக்கத்தில் இறக்கிவிடுவேன். ஆறு தலைமுறைக் கதையை அறுநூறு பக்கத்துக்கு இழுத்த ஒரு நாவலைப் போன இதழில்கூட வெளுத்து வாங்கியிருந்தேன். அதே கையோடு ஒரு கிராபிக் நாவலைப் பாராட்டியிருந்தேன். சலவைக் கடை நடத்தும் அக்கா தங்கை இருவரின் கதை. வசனத்தைப் பற்றி நீளமாக ஒரு பத்தி. படங்களைப் பற்றி ஒரே ஒரு வரி: "ஓவியங்கள் கதைக்குப் பக்கபலம்."

அந்த ஒரு வரிக்கு என் அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா பஸ் ஓட்டுகிறவள். பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஒருநாள் வலது பக்கக் கண்ணாடியில் ஏதோ கறை என்று நினைத்து, மூன்று தடவை இறங்கித் துடைத்திருக்கிறாள். கறை கண்ணாடியில் இல்லை, அவள் வலது கண்ணில். விழித்திரை விலகிவிட்டது என்று சொல்லி மறுநாளே ஆபரேஷன் செய்தார்கள். விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து, பத்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்றார்கள். நல்ல கண்ணாலும் படிக்கக் கூடாது, ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமாம். வாயு கரைய ஒன்றரை மாதம் ஆகும், பார்வை எவ்வளவு திரும்பும் என்பது அதன் பிறகுதான் தெரியும். இரண்டு கண்ணும் சரியாக இருந்தால்தான் பஸ்ஸைத் தருவார்கள். இல்லையென்றால் டிப்போவுக்குள்ளேயே ஏதாவது வேலை.

"நகராத சீட்டுல எல்லாம் என்னால உக்கார முடியாது," என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

அவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று நான் வாசிக்க ஆரம்பித்தேன். புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவள் அவள். முதலில், மழையை நான்கு பக்கம் வர்ணிக்கும் ஒரு நாவல். அந்த மழைக்காகவே நான் அதை மெச்சி எழுதியிருந்தேன். மூன்றாவது பக்கத்தில் அக்கா கேட்டாள்: "இன்னும் விடலையா?"

அடுத்து, விருது வாங்கிய ஒரு சிறுகதைத் தொகுப்பு. "மூணு கதையாச்சு, இந்த ஆளு நடந்துட்டே இருக்கான். இவனுக்கு வேலைவெட்டி எதுவும் கிடையாதா?" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு வேலைவெட்டி எதுவும் கிடையாதுதான்.

கடைசியில் சலவைக் கடையை எடுத்தேன். படங்களை நான்தான் வாயால் சொல்ல வேண்டும்.

"ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்க," என்றேன்.

"எங்க நின்னு?"

"கடையில."

"கடையில எங்கடி? வாசல் எந்தப் பக்கம்? யாரு அதைப் பாத்துட்டு நிக்கறா?"

ஓடும் பஸ்ஸில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் எப்போது இறங்கப் போகிறார்கள் என்று கண்ணாடியிலேயே பார்த்துப் பழகியவள் அல்லவா? நான் படத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். தங்கை துணி மடித்தபடி வாய் ஓயாமல் பேசுகிறாள். மூத்தவள் வாசலைப் பார்த்து நிற்கிறாள். முந்தைய பக்கத்தைப் புரட்டினேன், அங்கேயும் அப்படித்தான். அதற்கு முந்தைய பக்கத்திலும்.

"அப்ப மூத்தவ போகப் போறா," என்றாள் அக்கா.

அது நடப்பதற்கு இன்னும் நாற்பது பக்கம் இருந்தது. "எவரும் எதிர்பாராத திருப்பம்" என்று நான் அச்சில் எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்தான் நகர்ந்தது. மூத்தவள் துணி கொடுக்கப் போய்விட்டுத் திரும்பாமல் போகும் இடத்துக்கு எட்டாம் நாள் வந்தோம். அதற்குள் அக்காவின் கழுத்து பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வீங்கியிருந்தது. இனி இருப்பது வசனமே இல்லாத ஆறு பக்கங்கள்.

"திரும்பி வந்துருவாளா?" என்று கேட்டாள். அவள் எதையும் அப்படிக் கெஞ்சுகிற குரலில் கேட்டு நான் கேட்டதில்லை.

"வந்துட்டா," என்றேன். "கடைசிப் பக்கத்துல வந்து நிக்கறா."

"எந்தப் பக்கமிருந்து?"

"இடது பக்கம். கையில ஈரக் குடை, தண்ணி சொட்டுது. தங்கச்சி இஸ்திரிப் பெட்டியை அப்படியே போட்டுட்டு எழுந்துட்டா."

"துணி தீஞ்சு போயிருமே," என்றாள் அக்கா, சந்தோஷமாக.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பரிசோதனை. எனக்கு விடுப்பு கிடைக்காததால் அக்கா தனியாகவே போய்வந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பளிச்சுனு தெரியுது. டாக்டரே அசந்துட்டாரு," என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் என் முதுகில் தட்டி, "போதும்டி, தேத்தண்ணி ஆறுது," என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தகத்தை எடுத்துவந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி அவளிடம் திட்டு வாங்கினால் என்ன? கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். "இந்தா, உன் கண்ணாலயே பாரு."

அக்கா இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள், எனக்குக் காட்டுவதற்காகவே. ஆபரேஷன் செய்த கண்ணால் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதோ, இடது பக்கம் மூத்தவ. கையில குடை, தண்ணி சொட்டுது. தங்கச்சி எழுந்துட்டா. முகத்துல என்ன ஒரு சிரிப்பு, பாரேன். நல்லாத்தான் வரைஞ்சிருக்காங்க."

அந்தப் பக்கத்தில் இருந்தது பூட்டிய ஒரு கடையும், வெயில் அடிக்கும் ஒரு தெருவும்தான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் அந்தக் கண்ணோடு தன்னந்தனியாக இருந்திருப்பாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"அக்கா, அதுல யாருமே இல்ல. நான்தான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

பொத்திய கையை அவள் எடுக்கவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இவ்வளவுதான், இதுக்கு மேல வராதுன்னாரு."

"எவ்வளவு?"

அவள் மறு கையால் பக்கத்தைத் தடவினாள். நான் நாற்காலியை இழுத்து அவளை ஒட்டி உட்கார்ந்தேன். வழக்கமாக என்னை மறைத்து ஏதாவது செய்தால் ஊரைக் கூட்டுவேன். அன்று புத்தகத்தை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தேன்.

"சரி, இருக்கறதைச் சொல்லு," என்றாள்.

"பூட்டின கடை. கீழ் மூலையில சின்னதா. மீதியெல்லாம் தெரு."

"தெருவுல?"

"ஒண்ணும் வரையல. வெறும் வெயில். பக்கம் முழுக்க வெள்ளை."

இடது கண்ணைப் பொத்தியபடியே அக்கா புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், கொஞ்சம் விலக்கி, மறுபடி கிட்டே கொண்டுபோனாள்.

"அது தெரியுது," என்றாள்.