அப்புத்துரைக்குக் கொடுத்த தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கிறேசம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. இந்தக் கோபக்காரனைக் கட்டி முப்பத்தைந்து வருசமாகியும் அவள் உயிரோடு இருக்கிறாளே, அதற்காவது என்னை மெச்சலாம். ஆனால் அந்தக் கோபம் ஒரு மனிதரைக் கொன்றுபோட்டது என்று மூன்று வருசமாக நான் நினைத்துப் புழுங்கியது அவளுக்கும் தெரியாது.

கொரோனா உச்சத்தில் இருந்தபோது, மூச்சு முட்டிக் கிடந்த என்னை எங்கள் ஊரான நெடுந்தீவிலிருந்து படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டுக் கட்டில்கள். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கரம்பொன் ஊர் அப்புத்துரை அண்ணை. எழுபது வயது, முகத்தில் ஒட்சிசன் மாஸ்க். என்னைவிட அவருக்குக் கடுமை. வாய் திறந்தால் ஒரே சொல்தான்: "தண்ணி."

ஒருநாள் காலை, அவருக்குத் தொண்டையில் குழாய் போடப் போகிறோம், வாயில் ஒரு சொட்டும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தாதி மற்றக் கட்டிலுக்கு ஓடினார். அண்ணை என்னையே பார்த்துக் கெஞ்சினார். எனக்குக் கொதி வந்துவிட்டது. கோதாரி விழுந்த சட்டம்! மாட்டைக்கூட நாங்கள் தாகத்தில் தவிக்க விடுவதில்லை. எழுந்துபோய் அவருடைய மாஸ்க்கைத் தூக்கி, என் போத்தலிலிருந்து இரண்டு மிடறு ஊற்றினேன். குடித்தார். உடனே இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவேயில்லை. தாதிமார் ஓடிவந்து என்னை இழுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு அவருக்குக் குழாய் போட்டார்கள். நாலாம் நாள் போய்விட்டார். பெட்டியை மூடி அப்படியே எரித்தார்களாம். வீட்டார் முகம்கூடப் பார்க்கவில்லை.

எட்டுப் பேரில் வீடு திரும்பியது மூன்று பேர். அப்புத்துரை அண்ணையின் நுரையீரல் முதலே போய்விட்டது, தண்ணீர் காரணமில்லை என்று டொக்டர் சொன்னார்தான். அது பயந்தவனைத் தேற்றச் சொல்லும் கதை என்று நினைத்து, நான் நம்பவில்லை. தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சுவாமியாரிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

போன கிழமை ஒரு பெண் படகில் வந்திறங்கி, விசாரித்து விசாரித்து எங்கள் வாசல் படலைக்கு வந்தாள்.

"நான் கோசலா, கரம்பொன். அப்புத்துரையின்ர மகள். அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில இருந்த சந்தியோகு அண்ணை நீங்கள்தானெண்டு ஒரு தாதி சொன்னவா."

எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. கிறேசம்மா அவளுக்குக் கதிரையைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

"ஒண்டு கேக்கத்தான் வந்தனான் அண்ணை. எங்கட ஆக்கள் சாகப்போற நேரத்தில வாயில பாலோ தண்ணியோ விடுறது வழக்கம். அப்பாவுக்கு நாங்கள் ஒருத்தரும் பக்கத்தில இல்லை. 'அந்த மனிசன் நாக்கு வறண்டுபோயே செத்தது?' எண்டு அம்மா சாப்பிடேக்கையும் கேக்கிறா. ஆராவது ஒரு சொட்டு..."

கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் எதைக் கொலை என்று மறைத்து வைத்திருந்தேனோ, அதையல்லவா இவள் கடல் கடந்து கேட்டு வந்திருக்கிறாள்! ஓம், குடுத்தனான் என்று மட்டும் சொன்னால் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போவாள். அந்தக் கும்பிடு எனக்கு வேண்டாம்.

"நான்தான் பிள்ளை குடுத்தனான். குடுக்கக் கூடாதெண்டு சொல்லியும் குடுத்தனான். குடிச்ச உடன இருமத் தொடங்கினவர், பிறகு எழும்பேல்லை. என்னாலதான் செத்தவரெண்டு நினைக்கிறன்."

அவள் என்னை ஏசவுமில்லை, அழவுமில்லை. கைபேசியில் தாயை அழைத்து, நான் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன்.

"தம்பி, புரைக்கேறினதே?" என்றது தாயின் குரல். "அவருக்கு எந்த நாளும் அப்பிடித்தான். அவசரப்பட்டுக் குடிப்பார். எங்கட கலியாணத்தண்டும் புரைக்கேறி, நான்தான் தலையில தட்டினனான். நீர் தட்டினனீரோ?"

"இல்லை அக்கா. அதுக்குள்ள என்னை இழுத்துக்கொண்டு போட்டினம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "எத்தினை மிடறு குடிச்சவர்?"

"ரண்டு."

"காணும் தம்பி," என்றார். "தாகம் தீர ரண்டு மிடறு காணும்."